ரப்பர் வைத்து முடுக்கிய ஏரோ பார்

தெய்வநாயகிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. வாய் இறுகிக்கொள்ளும், கை வேலை தேடும். அதைத் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் அவள் பக்கம் போகமாட்டார்கள்.

திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம் அவளுடையது. செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முதல் வாரம் ஒருத்தன் அரத்தை அவளிடம் நீட்டி, "பூ கட்டற கைக்கு இது இன்னாத்துக்கு?" என்றான். அவள் அரத்தை வாங்கி வேலையைத் தொடங்கினாள். வருடக் கடைசித் தேர்வில் அவள் அராவிக் கொடுத்த இரும்புக் கட்டையில் மூலைமட்டம் வைத்துப் பார்த்தார்கள். எந்தப் பக்கத்திலும் இடுக்கில் வெளிச்சம் தெரியவில்லை. அவனுடைய கட்டையில் தெரிந்தது. அவள் அவன் முகத்தை மட்டும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

தொண்ணூற்று மூன்றில் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி வளாகத்துப் பணிமனையில் வேலை கிடைத்தது. காலைப் பேருந்து அவளுடைய ஊர் நிறுத்தத்தில் மூன்று நாள் தொடர்ந்து நிற்காமல் போயிற்று. நாலாம் நாள் அவள் நிறுத்தத்துக்கே போகவில்லை. அண்ணனின் சைக்கிளை எடுத்தாள். போக பதினெட்டு கிலோமீட்டர், வர பதினெட்டு. அந்தப் பேருந்து பிறகு ஒழுங்காக நிற்க ஆரம்பித்தது. அவள் ஏறவில்லை. கல்யாணமாகி, பள்ளிக்கூட வேன் ஓட்டும் தீனதயாளனோடு புதுப்பட்டினத்தில் குடிவந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. வேலைக்கு இப்போது இரண்டு கிலோமீட்டர்தான் என்பதால் காலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பிவிட்டு வேலைக்குப் போனாள். ஊழியர் விளையாட்டு விழாவில் பெண்களுக்கான சைக்கிள் போட்டியில் ஒவ்வொரு வருடமும் முதலாக வந்தாள். ஒரு வருடம் அவளுடைய நேரம் ஆண்களில் இரண்டாவதாக வந்தவருடைய நேரத்தைவிடக் குறைவாக இருந்தது. அதை யாரும் மேடையில் சொல்லவில்லை.

ரயில்வே அணியில் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரிடம் வளைந்த கைப்பிடி வைத்த ரேஸ் சைக்கிள் ஒன்றைப் பழையதாக வாங்கினாள். சட்டம் இரும்புக் குழாய்தான், ஆனால் காற்றாய்ப் போயிற்று. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனபோதுதான் நாவலூர் கூட்டத்தைப் பார்த்தாள். ஐ.டி. கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள், பன்னிரண்டு பதின்மூன்று பேர், ஒட்டிப்பிடித்த சட்டையும் விலையுயர்ந்த சைக்கிளுமாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இவள் சுடிதாரைக் கணுக்காலில் கிளிப் போட்டு இறுக்கிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனாள்.

கூட்டத்தின் தலைவன் ரோஹித். சென்னையில் வளர்ந்தவன், ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். மூச்சிரைக்கத் துரத்தி வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டான்.

"மேடம், சூப்பரா ஓட்றீங்க! ஸ்விம்மிங் தெரியுமா?"

"கெணத்துல கத்துகினது. இப்ப டவுன்ஷிப் குளத்துல போறேன். ஏன்?"

"நாங்க ட்ரையத்லான் நடத்தறோம். கடல்ல நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். எல்லாம் ஒரே மூச்சுல. நீங்க வரணும்."

இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில் அவள் போனாள். திருவிடந்தைக் கடற்கரையில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், பிறகு பூஞ்சேரி கூட்டுச்சாலை வரை சைக்கிளில் போய்த் திரும்ப நாற்பது, கடைசியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம். பெண்கள் ஆறு பேரில் மூன்றாவதாக வந்தாள். தெற்கே போகும்போது பறந்தவள், வடக்கே திரும்பியதும் வாடைக்காற்றில் மாட்டிக்கொண்டாள். நெஞ்சில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல் இருந்தது. அவளைத் தாண்டிப் போன இரண்டு பெண்களின் சைக்கிளிலும், கைப்பிடியின் நடுவிலிருந்து இரண்டு குழாய்கள் கொம்புபோல் முன்னால் நீண்டிருந்தன. முழங்கைகளைப் பஞ்சு வைத்த கிண்ணங்களில் ஊன்றி, கைகளைச் சேர்த்து முன்னால் நீட்டி, முதுகைப் பலகையாக்கிக்கொண்டு அவர்கள் காற்றுக்கு அடியில் நுழைந்து போனார்கள்.

அது ஏரோ பார் என்று ரோஹித் சொன்னான். தெய்வநாயகிக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த வருடப் போட்டிக்கு அதை மாட்டியாக வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள்.

"நானே மாட்டிக்கிறேன். நாலு போல்ட்டு வேலை," என்றாள்.

"இல்ல மேடம். ஏரோ பார் மாட்றவங்க கடையில ஃபிட் பண்ணி, கையெழுத்து போட்ட சீட்டு கொண்டுவரணும். சேஃப்டி ரூல். நம்ம பரணிதரன் கடைக்குப் போங்க. அவர்தான் நம்ம ஸ்பான்சரும்."

பாருக்குப் பணம் சேர அந்த வருடம் முழுக்க ஆயிற்று. பரணிதரனின் கடை கடற்கரைச் சாலையில் கோவளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏ.சி. அவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், இன்ஜினியரிங் படித்தவன். அவளுடைய சைக்கிளை ஒரு தாங்கியில் நிறுத்தி, அவளை ஏறி உட்காரச் சொல்லி, முட்டியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்தான். உடம்பு முன்னால் சாய்வதால் இருக்கையையும் முன்னால் தள்ள வேண்டும் என்றான். கிண்ணங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமானால் காற்று நெஞ்சில் புகுந்துவிடும், குறைந்தால் மூச்சு முட்டும் என்றான். எல்லாமே சரியான பேச்சு. பாதி இங்கிலீஷில் சொன்னதால் இன்னும் சரியாகத் தோன்றியது.

அவன் பாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோது அவள் கண் கைப்பிடியைக் கவ்வுகிற கிளாம்பின் துளையில் போய் நின்றது. பிறகு தன் கைப்பிடியைப் பார்த்தாள்.

"இன்னாங்க, ஓட்டை பெருசா கீதே? என் ஹேண்டில்பார் சின்னதாச்சே?"

பரணிதரன் சிரித்தான். "மேடம், இது உங்க ஃபேக்டரி பைப் இல்ல. ரோடு பைக் காம்போனன்ட். ட்ரஸ்ட் மீ. உள்ள வேலை முடிச்சிக் கொண்டுவரேன், நீங்க உக்காருங்க, ஒரு ஜூஸ் குடிங்க."

அவள் உட்கார்ந்தாள். அந்த உட்கார்ந்ததைத்தான் பின்னால் அவளால் பொறுக்க முடியாமல் போனது.

இரண்டாயிரத்து எட்டு ஜனவரிப் போட்டிக்கு அப்போது பத்து நாள்தான் இருந்தது. அந்தப் பத்து நாளும் பாரில் கவிழ்ந்து ஓட்டிப் பழகினாள். பிரேக்கைப் பிடிக்கக் கையை எடுத்து வெளியே கொண்டுபோக வேண்டும், மற்றவர்கள் நெருக்கமாக ஓட்டும்போது பாரில் கவிழக் கூடாது, மேடு பள்ளத்தை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும், இவையெல்லாம் மூன்றே நாளில் கைக்கு வந்துவிட்டன. வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் கூடியது.

போட்டியன்று கடலிலிருந்து மூன்றாவது பெண்ணாக வெளியே வந்தாள். உடம்பெல்லாம் உப்புநீர் சொட்டச் சொட்ட சைக்கிள் ஏறினாள். பூஞ்சேரியில் திரும்பும்போது முதலிடத்தில் இருந்தாள். வாடைக்காற்று எதிரே வந்தது. இந்த முறை அவள் அதற்கு அடியில் இருந்தாள். சாலவான்குப்பம் போனது. பட்டிபுலத்துக்கு முன்னால் சாலையில் ஒட்டுப்போட்ட ஓர் இடம், கையகல மேடுகூட இல்லை. சக்கரம் அதில் ஏறி இறங்கியது. முழங்கைக்கு அடியிலிருந்த கிண்ணங்கள் அப்படியே கீழே சரிந்தன. இரண்டு கொம்புகளும் சாலையைப் பார்த்துக் குனிந்தன. ஊன்ற இடமில்லாமல் அவள் நெஞ்சு கைப்பிடியில் மோதியது, முன்சக்கரம் குறுக்கே திரும்பியது.

இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டு அனுப்பினார்கள். தீனதயாளன் வேனிலேயே சைக்கிளையும் அவளையும் வீட்டுக்கு ஏற்றி வந்தான். வழியெல்லாம் அவள் பேசவில்லை. வலியால் பேசவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஐந்தாம் நாள் பணிமனை எழுத்தர் சதாசிவம் பார்க்க வந்தார். போட்டிக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிய மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். காட்டலாமா வேண்டாமா என்று தயங்கிவிட்டுப் படித்து அர்த்தம் சொன்னார். போட்டி பெருவெற்றி. ஒரே ஒரு விபத்து. முதல்முறையாக ஏரோ பார் பயன்படுத்திய, போதிய அனுபவமில்லாத போட்டியாளர் ஒருவர் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தார். முறையான பயிற்சி இல்லாதவர்கள் இத்தகைய கருவிகளைத் தவிர்ப்பது நல்லது. கடைசியில் ஸ்பான்சர்களுக்கு நன்றி.

"பேர் போடல, பாரு," என்றார் சதாசிவம் ஆறுதலாக.

"வுழுந்தது ஒருத்திதான் சார். பேரு எதுக்கு?"

அவர் போனதும் அவள் எழுந்தாள். கூடத்தில் சாத்தியிருந்த சைக்கிள் முன்னால் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் ஆறுமூலைச் சாவியான அலன் கீயைப் பிடித்துக் கிளாம்பைக் கழற்ற ஆரம்பித்தாள். தீனதயாளன் ஓடி வந்தான்.

"நாயகி, கைய வச்சிகினு சும்மா கெடயேன். நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"இத்தப் புடிங்க. ஆடாம புடிங்க."

நான்கு போல்ட்டும் கழன்றன. கிளாம்பின் மேல்பாதியைத் தூக்கினாள். உள்ளே கறுப்பாக ஒரு பட்டை சுற்றியிருந்தது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றியிருந்தார்கள். உப்புநீர் இறங்கி அது வழுவழுவென்று இருந்தது. விரலால் தள்ளினால் நகர்ந்தது.

கருவிப் பெட்டியிலிருந்து, மில்லியின் பின்னம்வரை அளக்கும் தன் வெர்னியரை எடுத்து வரச் சொன்னாள். கிளாம்பின் துளை முப்பத்தொன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர். அவளுடைய கைப்பிடி இருபத்தாறு. மறுபடி அளந்தாள். அதே கணக்கு.

"கிட்டத்தட்ட ஆறு மில்லி," என்றாள். "ஆறு மில்லி எடவெளிய ரப்பர வச்சி ரொப்பி, அதுமேல என்னைப் படுக்க வச்சி அனுப்பிகிறான். எங்க ஒர்க்ஷாப்ல ஒரு தம்மாத்துண்டு புஷ்ஷு வளையம் இப்படி இருந்தா சார்ஜ்மேன் மூஞ்சிலயே வுட்டு எறிவாரு."

"அவன் மேல போலீசுக்குப் போலாமா?"

"அவன வுடுங்க. என்னைச் சொல்லணும்." அவள் ரப்பர் பட்டையைக் கிளாம்பிலிருந்து பிய்த்தெடுத்தாள். "பதினஞ்சு வருசமா ஃபிட்டர் வேல செய்றேன். ஓட்டை பெருசுன்னு கண்ணு சொல்லிச்சி. வாயும் கேட்டுச்சி. அவன் இங்கிலீசுல ரெண்டு வார்த்தை சொன்னதும் போயி உக்காந்து ஜூஸ் குடிச்சிகிறேன். மாட்டினப்பறம் ஒருவாட்டி கழட்டிப் பாத்தேனா? மேல கைய ஊனி முழு வெயிட்டையும் போட்டு அமுக்கிப் பாத்தேனா? என் தொழிலு அது. அத்த வுட்டுட்டனே."

 தீனதயாளன் கிளாம்பை ஆடாமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் அவன் வேன் முறை முடிந்ததும் இருவரும் கடைக்குப் போனார்கள். தெய்வநாயகி ஏரோ பாரையும் ரப்பர் பட்டையையும் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

பரணிதரன் அவளுடைய கைக்கட்டைப் பார்த்து, "ஐயோ மேடம், எப்படி இருக்கீங்க?" என்றான். பிறகு பட்டையைப் பார்த்தான்.

"இது இன்னாது?" என்றாள் தெய்வநாயகி.

"மேடம், உங்க ஹேண்டில்பார் பழைய சைஸ். அதுக்கு அலுமினிய வளையம் தனியா ஆர்டர் பண்ணணும். வர ஒரு மாசம் ஆகும். உங்களுக்கு ரேஸ் பத்து நாள்ல. அதான் டெம்பரரியா… ரப்பர்ல கிரிப் நல்லாதான் இருக்கும்."

"டெம்பரரின்னு என்கிட்ட சொன்னியா? சீட்டுல எழுதினியா?"

"நீங்க அப்பவே கேட்டிருக்கலாமே மேடம்."

"கேட்டேன்."

"இல்ல, எனக்கு ஞாபகம் இல்ல…"

அவன் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. அவள் கேட்டது அவன் காதில் விழுந்து தங்குகிற அளவுக்குக்கூட அவனுக்குப் பெரிதாகப் பட்டிருக்கவில்லை. அந்தக் கணத்தில் அவனை அறைந்துவிடுவோமோ என்று தெய்வநாயகிக்கே பயமாக இருந்தது. நல்ல கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மாதிரி ரப்பர் வச்சி இன்னும் எத்தினி பேருக்கு மாட்டிகீற?"

"அது எதுக்கு உங்களுக்கு? நான் புது பார் ஃப்ரீயா தரேன். சர்வீசும் ஒரு வருஷம் ஃப்ரீ."

"எத்தினி பேருக்கு?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். கடைக்குள் வேறு வாடிக்கையாளர் வந்ததும் அந்தப் பக்கம் போய்விட்டான்.

ரோஹித்துக்குப் போன் செய்தாள். அவன் பொறுமையாகக் கேட்டான். வருத்தம் தெரிவித்தான். ஆனால் மின்னஞ்சல் ஏற்கெனவே போய்விட்டது, திரும்ப ஒன்று அனுப்பினால் தேவையில்லாத சர்ச்சை, பரணி நல்ல பையன், நம்ம கூட்டத்துக்கு நிறைய செய்திருக்கிறான் என்றான். "பெர்சனலா எடுத்துக்காதீங்க மேடம்."

"ஒடஞ்சது என் எலும்புங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏப்ரலில் அதே கூட்டம் ஒரு சிறிய போட்டி வைத்தது. தெய்வநாயகியின் தோள் ஓரளவு கூடியிருந்தது, ஓட்டுகிற அளவுக்கு இல்லை. இருந்தும் விடியற்காலை ஐந்தரைக்கு வேனில் வந்து திருவிடந்தையில் இறங்கினாள். சுடிதார், வெர்னியர், இடுப்பில் செருகிய அலன் கீ. சைக்கிள்களை நிறுத்தும் கம்பி வரிசைக்கு நேராகப் போனாள். ஏரோ பார் மாட்டிய சைக்கிள்கள் பதினொன்று இருந்தன.

"சைக்கிள கெட்டியா புடிச்சிகினு, இந்தக் கிண்ணத்து மேல முழங்கைய ஊனி முழு வெயிட்டும் போட்டு அமுக்குங்க," என்றாள் முதல் ஆளிடம்.

"நீங்க யாரு? ஆபீஷியலா?"

"போன ரேசுல வுழுந்தவ."

அவர் அமுக்கினார். பார் அசையவில்லை. அடுத்தவருடையதும் அசையவில்லை. மூன்றாவது சைக்கிள் ரோகிணி என்ற பெண்ணுடையது. நாவலூர் ஐ.டி.காரி, முதல் போட்டியிலேயே தெய்வநாயகியைத் தாண்டிப் போனவர்களில் ஒருத்தி. சிரித்துக்கொண்டே அமுக்கினாள். கிர்ரென்று ஒரு சத்தத்தோடு கொம்புகள் கீழே குனிந்தன. ரோகிணியின் சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் கைகால்களை நீட்டி உடம்பைத் தளர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரோஹித் ஓடி வந்தான். "மேடம், ரேஸ் ஸ்டார்ட் ஆக இருபது நிமிஷம் இருக்கு. இப்படிப் பண்ணா எல்லாரும் பேனிக் ஆயிடுவாங்க. ப்ளீஸ், வெளிய வாங்க."

"ரோஹித், இங்க பாருங்க," என்றாள் ரோகிணி. கிளாம்பின் இடுக்கிலிருந்து கறுப்பு ரப்பரின் நுனி பிதுங்கியிருந்தது. "இது என்ன? இதுக்கு நீங்கதானே ரூல் போட்டீங்க, கடையிலதான் மாட்டணும்னு?"

அவன் குனிந்து அந்த நுனியை விரலால் தள்ளிப் பார்த்தான். தெய்வநாயகி அடுத்த சைக்கிளுக்கு நகர்ந்தாள். பதினொன்றில் மூன்று குனிந்தன. மூன்றும் பரணிதரன் கடையில் மாட்டியவை. ரோகிணியும் இன்னொருத்தரும் பாரைக் கழற்றச் சொன்னார்கள், அவளே கழற்றிக் கொடுத்தாள். மூன்றாமவர் ஓர் அதிகாரி, ஐம்பது வயது. "நான் ரெண்டு வருஷமா ஓட்றேம்மா, எனக்குத் தெரியும்," என்று போல்ட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் முடுக்கிக்கொண்டு போனார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாற்பது கிலோமீட்டரையும் பாரில் படுத்தபடியே ஓட்டி முடித்து, பதக்கத்தோடு வந்து அவள் எதிரில் நின்று, "பாத்தியா?" என்றார். அவர் விழ வேண்டுமென்று அவள் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த "பாத்தியா" வீடு வந்து சேரும்வரை அவளுடைய காதுக்குள் இருந்தது. அன்று மாலை தீனதயாளன் தோசையைச் சுட்டு அவளுக்கு எதிரே தட்டை வைத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மே மாதம் திருக்கழுக்குன்றத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஏசுபாதத்திடம் போனாள். அவர் ஐ.டி.ஐ.யில் அவளோடு படித்தவர். ஒரு மதியம் முழுக்க மிஷினை அவளிடம் விட்டுவிட்டார். தடித்த அலுமினியக் கம்பியை வெளியே முப்பத்தொன்று புள்ளி எட்டும் உள்ளே இருபத்தாறுமாகக் கடைந்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஓரங்களை அரம் போட்டு மழுக்கினாள். கைப்பிடிக்கும் கிளாம்புக்கும் நடுவில் வைத்தபோது அந்த இரண்டு பாதியும் இழுத்தால் வராமல், தட்டினால் சத்தம் வராமல் உட்கார்ந்தன. நான்கு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினாள். பிறகு சைக்கிளை ஏசுபாதத்திடம் பிடிக்கச் சொல்லி, மேலே ஏறிக் கிண்ணங்களில் முழங்கையை ஊன்றி எம்பி எம்பிக் குதித்தாள். ஏசுபாதம்தான் தடுமாறினார், பார் அசையவில்லை. ரோகிணிக்கும் ஒரு ஜோடி கடைந்தாள்.

வருடக் கடைசியில் ரோஹித் கூப்பிட்டான். அடுத்த போட்டியிலிருந்து ஏரோ பார் எல்லாவற்றையும் தொடங்குமுன் சோதிக்கப் போகிறார்களாம், அந்தப் பொறுப்பை அவள் எடுத்துக்கொள்வாளா என்று கேட்டான்.

"எடுத்துக்கிறேன். அதுக்கு முன்னாடி அந்த மெயில திருத்தி அனுப்புங்க. அனுபவம் இல்லாம வுழல, கடைக்காரன் தப்பா மாட்டினதால வுழுந்தாங்கன்னு. இங்கிலீசுலயும் தமிழ்லயும்."

"மேடம், அது பழைய கதை…"

"எனக்குப் பழசாவல."

அவர்கள் அனுப்பவில்லை. அவளும் சோதிக்கப் போகவில்லை. யாரோ ஒரு தன்னார்வலரை வைத்துச் சோதித்தார்கள். அவருக்கு எப்படி அமுக்கிப் பார்ப்பது என்று ரோகிணி சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது ஜனவரியில் தெய்வநாயகி போட்டியாளராகப் போனாள். பூஞ்சேரியில் திரும்பியதும் வாடைக்காற்று வந்தது, அவள் கவிழ்ந்துகொண்டாள். பட்டிபுலத்தில் ஒட்டுப்போட்ட அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருந்தது. கையை எடுக்காமல், வேகத்தைக் குறைக்காமல் அதன்மேல் ஏற்றி ஓட்டினாள். கிண்ணங்கள் அசையவில்லை. சைக்கிளில் முதலாக வந்து, ஓட்டத்தில் ஓர் இளம்பெண்ணிடம் தோற்று, இரண்டாவதாக முடித்தாள்.

ஸ்பான்சர்தான் பதக்கம் கொடுத்தான். அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். பரணிதரன் ரிப்பனை விரித்து அவளுடைய கழுத்தில் போட வந்தான். அவள் குனியவில்லை, கையை நீட்டினாள். ஒரு விநாடி நின்றுவிட்டு அவன் பதக்கத்தை அவளுடைய கையில் வைத்தான்.

"மேடம், இப்பல்லாம் நான் ரப்பர் வைக்கறதில்ல," என்றான் யாருக்கும் கேட்காதபடி.

"தெரியும். போன மாசம் உன் கடையில மாட்டின ரெண்டு சைக்கிள கழட்டிப் பாத்துட்டேன்."

அவன் முகம் சிவந்தது. போட்டோ எடுப்பவர் இருவரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். தெய்வநாயகி அதற்குள் மேடையை விட்டு இறங்கி, நாஸ்தா வாங்கி வைத்துக்கொண்டு வேன் பக்கத்தில் நின்ற தீனதயாளனை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.